ரோனி பீட்டர்சன், 1978: பட்டத்தை விட்டுக்கொடுத்தாரா, அது அவர் கைக்கு வரவே இல்லையா?

கடைசிவளைவு (ஞாயிறு, இரவு 9.10)

1978 ஆகஸ்டில் சாண்ட்ஃபோர்டில் நடந்த டச்சு கிராண்ட் பிரீ ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளை இன்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். மணல்மேடுகளுக்கு நடுவே கறுப்பும் பொன்னிறமுமாக இரண்டு லோட்டஸ் கார்கள். முன்னால் மரியோ ஆந்த்ரெட்டி. அவர் காரின் புகைக்குழாய் உடைந்துவிட்டது. பின்னால் நீலத் தலைக்கவசமும் மஞ்சள் முகப்புமாக ஸ்வீடன்காரர் ரோனி பீட்டர்சன். பசுவின் பின்னால் போகும் கன்றுபோல ஒட்டிக்கொண்டே வருகிறார். கொடி விழும்போது இடைவெளி 0.32 வினாடி. ஒருமுறைகூட அவர் மூக்கை நுழைக்கவில்லை.

ஏன்? ஒப்பந்தம். அந்த ஆண்டு லோட்டஸில் ஆந்த்ரெட்டி முதல் ஓட்டுநர், ரோனி இரண்டாவது. அணி முதலாளி காலின் சாப்மன் வைத்த நிபந்தனை அது. இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எழுபதுகளில் வெறும் வேகம் என்று எடுத்துக்கொண்டால் ரோனிக்கு மேல் ஆளில்லை என்பது என் கருத்து. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் 1978 உலகப் பட்டம் ஸ்வீடனுக்குத்தான் போயிருக்கும். இன்றுவரை ஸ்வீடனுக்கு ஒரு ஃபார்முலா ஒன் சாம்பியன் கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 9.48)

அழைத்தீர்கள், வந்துவிட்டேன்.

123 பந்தயங்கள், 10 வெற்றிகள், 14 போல் பொசிஷன்கள் (தகுதிச் சுற்றில் முதலிடம், பந்தயத்தில் முதல் ஆளாக நின்று புறப்படும் இடம்). நல்ல கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் 1978ஐ எடுத்துக்கொள்வோம். ஆந்த்ரெட்டி 6 வெற்றி, ரோனி 2 வெற்றி. போல் பொசிஷன் ஆந்த்ரெட்டிக்கு 8, ரோனிக்கு 3. பந்தயத்தில் ஒப்பந்தம் கையைக் கட்டியது, சரி. தகுதிச் சுற்றில் யார் கட்டினார்கள்? தனியாகத்தானே ஓட்டுகிறார், எந்த ஆந்த்ரெட்டியின் பின்னால் பதுங்க வேண்டும்?

இன்னொன்று. 1977இல் டிரெல் அணியின் ஆறு சக்கரக் காரில் பாட்ரிக் டெபாயே எடுத்தது 20 புள்ளி. அதே கார், அதே ஆண்டு, ரோனி எடுத்தது 7. 1975இல் மொத்தமே 6 புள்ளி. கார் சரியில்லை, கார் சரியில்லை என்று எல்லா ஆண்டுக்கும் ஒரே சமாதானம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசிவளைவு (ஞாயிறு, இரவு 10.05)

கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வதாம்?

1973ஐ ஏன் தாண்டிப் போகிறீர்கள்? லோட்டஸ் 72. அணியின் இன்னொரு காரில் எமர்சன் ஃபிட்டிபால்டி, அதற்கு முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். புதிதாக வந்த ரோனி அந்த ஆண்டின் 15 பந்தயங்களில் 9 போல் பொசிஷன் எடுத்தார். சாம்பியனுக்குச் சமமான காரில், சாம்பியன் வீட்டுக்குள்ளேயே புகுந்து! பிரான்ஸ், ஆஸ்திரியா, இத்தாலி, அமெரிக்கா என்று நான்கு வெற்றி. அந்த ஆண்டுதான் ஸ்வீடனில் முதல்முறையாக ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்துக்கான கிராண்ட் பிரீ நடந்தது. ஆண்டர்ஸ்டார்ப்பில் சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் தொடக்கத்திலிருந்து முன்னணியில் ஓடினார். முடிய இரண்டு சுற்று இருக்கும்போது டயரில் காற்று இறங்கி, டென்னி ஹல்ம் தாண்டிப் போய்விட்டார். இதையும் உங்கள் பேரேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 10.21)

எழுதிக்கொண்டேன். 9 போல் எடுத்தவர் புள்ளிப் பட்டியலில் மூன்றாவது இடம், 52 புள்ளி. நீங்கள் தோற்றவர்போலப் பேசும் ஃபிட்டிபால்டி 55 புள்ளி, இரண்டாவது இடம். ஜாக்கி ஸ்டீவர்ட் 71 புள்ளியோடு சாம்பியன். சனிக்கிழமைத் தகுதிச் சுற்று ராஜாவுக்கெல்லாம் கிண்ணம் தருவதில்லை ஐயா.

ஸ்பேனர்செல்வி (திங்கள், காலை 6.55)

இருவரும் இரவெல்லாம் சண்டை போட்டிருக்கிறீர்கள். பட்டறை திறப்பதற்கு முன் என் பங்கு.

எங்கள் பட்டறைக்கு ஒரு வேன் ஓட்டுநர் வருவார். ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் கை தானாகவே வலது பக்கம் அரைப்பிடி பிடித்துக்கொண்டு நேராக ஓட்டிவிடும். அவர் மகன் அதே வேனை எடுத்துக்கொண்டு தெருமுனை போவதற்குள் திரும்பி வந்து, அப்பா என்ன வண்டி இது என்று கேட்டான். அப்பாதான் நல்ல ஓட்டுநர். ஆனால் வண்டியில் என்ன கோளாறு என்று எனக்குச் சொன்னது மகன்.

ரோனி அந்த அப்பா. காரில் எதை மாற்றினாலும், மாற்றாவிட்டாலும், ஏறக்குறைய அதே நேரத்தில் சுற்றை முடித்துவிட்டு வருவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். பின்பக்கம் வழுக்கினால் வழுக்கிய வாக்கிலேயே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்சிலரேட்டரை விடாமல் வளைவைக் கடந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது விருந்து. மெக்கானிக்குக்கு அதில் ஒரு சேதியும் இல்லை.

அதனால்தான் கணக்குப்பிள்ளை சொன்ன 1975, 1977 இரண்டும் அப்படி ஆயின. 1975இல் லோட்டஸ் 72 கிழவியாகிவிட்டது. டயர் கம்பெனி புதிய கார்களுக்கு ஏற்ற டயர்களைச் செய்துகொண்டிருந்தது. டிரெல் பி34 காரில் முன்னால் நான்கு குட்டிச் சக்கரங்கள், பத்து அங்குல ரிம். அந்த அளவில் டயர் வாங்கும் அணி உலகத்திலேயே அது ஒன்றுதான். ஒரே ஒரு அணிக்காக யார் டயரை மேம்படுத்துவார்கள்? பின் டயர் ஆண்டுதோறும் முன்னேற, முன் டயர் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காரோடு பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவரும் பொறுமை டெபாயேவுக்கு இருந்தது. ரோனி அதை அடித்து ஓட்டப் பார்த்தார். அது படியவில்லை.

ஆக, கடைசிவளைவு சொல்லும் வேகமும் உண்மை, கணக்குப்பிள்ளை சொல்லும் குறையும் உண்மை. இரண்டும் ஒரே குணம்தான்.

பழையபேப்பர் (திங்கள், காலை 8.30)

செல்வி அம்மா சொன்னது அழகு. தம்பிகள் 1973ஐ எடுத்ததால் ஒரு சங்கதியை நினைவுபடுத்துகிறேன். 1978க்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு ஆஸ்திரியாவில் ரோனி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். பட்டப் போட்டியில் இருந்தவர் ஃபிட்டிபால்டி. எனவே ரோனி வழிவிட்டார். ஃபிட்டிபால்டி முன்னே போனார். பிறகு அவருடைய காரில் எரிபொருள் குழாய் பழுதாகி நின்றுவிட்டது, வெற்றி ரோனிக்கே திரும்பி வந்தது. அடுத்தது இத்தாலியின் மான்சா. மறுபடியும் ரோனி முன்னால், ஃபிட்டிபால்டி பின்னால். உரிய நேரத்தில் சாப்மன் சைகை காட்டுவார், ரோனி விலகுவார் என்பதுதான் ஏற்பாடு என்று ஃபிட்டிபால்டி பின்னாளில் சொன்னார். சைகை வரவே இல்லை. ரோனி வென்றார். அன்றே ஸ்டீவர்ட்டுக்குப் பட்டம் உறுதியாயிற்று. ஃபிட்டிபால்டி மனம் கசந்து மெக்லாரன் அணிக்குப் போய், அடுத்த ஆண்டே சாம்பியன் ஆனார்.

இதில் ரோனியைப் பாருங்கள். சைகை வந்தால் வழிவிடுவார். வராவிட்டால் ஓட்டுவார். தானாக எதையும் முடிவு செய்யவில்லை, திட்டமும் போடவில்லை. 1978இல் சாண்ட்ஃபோர்டில் நடந்ததும் இதுவே. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று நீங்கள் புகழலாம். என் வயதில் நான் அதைப் புகழத்தான் செய்வேன்.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 9.02)

ஐயா, உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் சைகைக்குக் காத்திருப்பவர் நல்ல ஊழியர். சாம்பியன் வேறு ஜாதி. அதே சாம்பியன்ஷிப்பில் ஸ்டீவர்ட் சைகை கேட்டா ஓட்டினார்?

கடைசிவளைவு (திங்கள், மதியம் 1.15)

நல்ல ஊழியராம். 1971 மான்சாவைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லுங்கள். ஐந்து கார்கள் 0.61 வினாடிக்குள் கோட்டைக் கடந்த பந்தயம். கடைசி வளைவில் பீட்டர் கெதின் உள்பக்கமாகப் புகுந்தார். ரோனியும் பிரான்சுவா செவெரும் வெளியே ஒதுங்க வேண்டியதாயிற்று. கோட்டில் ரோனியைவிட கெதின் 0.01 வினாடி முன்னால். கையை வேறு தூக்கிக் காட்டிக்கொண்டே கடந்தார் அந்த மனிதர்! அந்த ஆண்டு ஒரு வெற்றிகூட இல்லாமல், நான்கு இரண்டாமிடங்களோடு, மார்ச் என்ற புதிய அணியின் காரில் உலகப் பட்டியலில் இரண்டாமிடம் பிடித்தவர் ரோனி. 33 புள்ளி. அதே ஆண்டு ஐரோப்பிய ஃபார்முலா டூ பட்டமும் அவருக்கே. இதெல்லாம் காத்திருக்கும் ஊழியர் செய்யும் வேலையா?

தகுதிச் சுற்றைப் பற்றிக் கேட்டீர்கள். 1978இல் நல்ல டயர்கள் ஆந்த்ரெட்டிக்கே முதலில் போயின, ரோனி கனமான பெட்ரோலோடு தகுதிச் சுற்று ஓட்டினார் என்பதெல்லாம் ஊரறிந்த கதை.

கணக்குப்பிள்ளை (திங்கள், மதியம் 1.31)

ஊரறிந்த கதைக்கு ஆதாரம்? எந்தப் பந்தயம், எத்தனை லிட்டர், எந்த டயர்? யாரோ சொன்னார் என்பதெல்லாம் என் பேரேட்டில் ஏறாது.

கடைசிவளைவு (திங்கள், மாலை 6.40)

தேடிப் பார்த்தேன். பல பேர் சொல்கிறார்கள், கணக்கோடு யாரும் சொல்லவில்லை. டயர் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். ஒப்பந்தப் பேச்சைத் திரும்பப் பெறவில்லை.

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 8.55)

நேர்மைக்கு நன்றி. அதற்குக் கைமாறாக நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் வைக்கிறேன்.

1978இல் மான்சா பந்தயத்துக்கு முன்னால் ஆந்த்ரெட்டி 63 புள்ளி, ரோனி 51. அப்போது முதலிடத்துக்கு 9, இரண்டாமிடத்துக்கு 6. அந்த ஆண்டு லோட்டஸ் நான்கு முறை முதலிரண்டு இடங்களைப் பிடித்தது. நான்கிலும் ஆந்த்ரெட்டி முன்னால், ரோனி பின்னால். ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பெல்ஜியம்: ஆந்த்ரெட்டியிடம் புதிய லோட்டஸ் 79, ரோனியிடம் பழைய 78. அங்கே ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது. ஸ்பெயின்: ரோனிக்கும் 79 கிடைத்துவிட்டது, ஆனால் தொடக்கத்தில் பின்தங்கி, ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாமிடத்துக்கு வந்தார். அதுவும் ஒப்பந்தத்தின் குற்றமில்லை. மீதி இரண்டு. பிரான்ஸில் இடைவெளி 3 வினாடிக்கும் குறைவு. சாண்ட்ஃபோர்டில் 0.32.

இந்த இரண்டில் மட்டும் இடத்தை மாற்றிப் போட்டேன். ஆந்த்ரெட்டிக்கு 6 குறைகிறது, ரோனிக்கு 6 கூடுகிறது.

57, 57.

மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். மான்சாவுக்கு இருவரும் சரிசமமாக வந்திருப்பார்கள்.

கடைசிவளைவு (திங்கள், இரவு 8.58)

பேரேட்டைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்!

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 9.04)

அவசரப்படாதீர்கள். 'தாண்டியிருப்பார்' என்று நான் சொல்லவில்லை. 'தாண்டியிருந்தால்' என்றுதான் கூட்டினேன். ஆந்த்ரெட்டி சும்மா விட்டிருப்பாரா?

ஸ்பேனர்செல்வி (திங்கள், இரவு 10.12)

அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கார் யாருடையது?

லோட்டஸ் 79 வானத்திலிருந்து விழவில்லை. காரின் இரண்டு பக்கப் பெட்டிகளுக்கும் அடியில் கவிழ்த்துப் போட்ட விமான இறக்கைபோல வளைவு. ஓரத்தில் தரையைத் தொடும் 'ஸ்கர்ட்' என்ற தடுப்பு. அடியில் ஓடும் காற்று வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும். ஒரு பக்க ஸ்கர்ட் சிக்கிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டால் பிடிப்பு போய்விடும். அதுவும் வளைவின் நடுவில். இப்படிப்பட்ட காருக்கு, எங்கே என்ன நடந்தது என்று சுற்று சுற்றாகச் சொல்லும் ஓட்டுநர் வேண்டும். ஆந்த்ரெட்டி 1976இலேயே லோட்டஸுக்கு முழுநேரமாக வந்துவிட்டார். அந்த அணி அப்போது கிடந்த கிடப்பு என்ன தெரியுமா? ரோனியே பிரேசில் பந்தயம் ஒன்றோடு விட்டுவிட்டு மார்ச் அணிக்குப் போன ஆண்டு அது! ஆந்த்ரெட்டி இருந்து, லோட்டஸ் 77 காரைத் தேற்றி, அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தை ஃபுஜி மழையில் வென்று கொடுத்தார். 1977இல் லோட்டஸ் 78 காரை வளர்த்தார். அந்த உழைப்புக்குக் கூலிதான் 'முதல் ஓட்டுநர்' என்ற வரி.

ரோனி இரண்டு மோசமான ஆண்டுகளுக்குப் பிறகு வந்தார். அவருக்கு இடம் கிடைக்கவே ஆதரவாளர் ஒருவரின் பணம் தேவைப்பட்டது. சமைத்து முடித்த பிறகு பந்திக்கு வந்தவர் இலையின் நுனியைக் கேட்க முடியுமா? அவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

பழையபேப்பர் (செவ்வாய், காலை 7.20)

அம்மா, அவர் பந்தியில் வெறும் இரண்டாவது இலைக்காரர் இல்லை. ஆந்த்ரெட்டிக்கு விபரீதம் நேர்ந்த இரண்டு இடங்களில் ரோனி வென்றார். தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் ஆந்த்ரெட்டி பெட்ரோல் போதாமல் பின்தங்கினார். ரோனி கடைசிச் சுற்றில் டெபாயேவைத் துரத்திப் பிடித்து, சக்கரமும் சக்கரமும் உரசுமளவுக்கு இணையாக ஓடி, தாண்டினார். ஆஸ்திரியாவில் முதல் சுற்றிலேயே ஆந்த்ரெட்டி மோதி வெளியேறினார். மழை கொட்டியது, பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். அந்த ஈரத்தில் ரோனி எல்லோரையும் விட்டுவிட்டுப் போனார். போல் பொசிஷனும் அவருடையதே.

ஓரெப்ரூவாசி (செவ்வாய், பிற்பகல் 3.45)

நான்கு ஆண்டுகளாக ஓரெப்ரூவில் வேலை பார்க்கிறேன். ரோனி பிறந்த ஊர். தமிழில் இப்படி ஒரு இழை ஓடுவதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

இங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் ஊரில் கேட்டால் சாம்பியன் ஆகியிருப்பாரா என்ற பேச்சு எடுபடாது. என் அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் ஒருவர் இருக்கிறார். சாண்ட்ஃபோர்ட் கதையை நான் எடுத்தபோது காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, 'சொல்லியிருந்தான், செய்தான்' என்றார். அவ்வளவுதான். மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டார்.

ரொட்டிக்கடைக்காரரின் மகன் ரோனி. அப்பா பெங்ட்டும் நண்பர் ஸ்வெனும் சேர்ந்து சொந்தமாக ஒரு ஃபார்முலா த்ரீ கார் கட்டினார்கள். இருவர் பெயரின் முன்பாதியையும் ஒட்டி அதற்கு 'ஸ்வேபே' என்று பெயர் வைத்தார்கள். அந்த வீட்டுக் காரிலிருந்து வளர்ந்தவர்தான் 1969இல் மொனாக்கோ ஃபார்முலா த்ரீ பந்தயத்தை வென்றார். மறு ஆண்டு அதே மொனாக்கோவில் ஃபார்முலா ஒன் அறிமுகம், ஏழாமிடம்.

போன கோடையில் ஆண்டர்ஸ்டார்ப்புக்கும் போயிருந்தேன். விமான ஓடுதளத்தையே நேர்ப்பாதையாக்கிக் கட்டிய பந்தயத் தடம். நான் போனபோது கூட்டமே இல்லை, காற்றுதான் இருந்தது. 1978க்குப் பிறகு அங்கே கிராண்ட் பிரீ நடக்கவில்லை. நடத்துவதற்கு யார் இருந்தார்கள்? செப்டம்பரில் ரோனி. அக்டோபரில் குன்னர் நில்சன், முந்தைய ஆண்டு பெல்ஜியத்தில் வென்றவர், புற்றுநோயில். ஆறே வாரத்தில் இருவரும் போய்விட்டார்கள்.

டர்போதம்பி (செவ்வாய், மாலை 5.02)

புதியவன், வணக்கம். ரோனியை மான்சாவில் கொன்றது ரிக்கார்டோ பட்ரேசேதானே? அவரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பழையபேப்பர் (செவ்வாய், மாலை 6.10)

தம்பி, 'கொன்றது' என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அன்று எல்லோரும் இப்படித்தான் அவசரப்பட்டார்கள்.

1978 செப்டம்பர் 10. காலைப் பயிற்சியில் ரோனியின் லோட்டஸ் 79 தடத்தைவிட்டு ஓடி நொறுங்கியது, காலில் ஊமைக்காயம். ஆந்த்ரெட்டிக்கு வைத்திருந்த மாற்றுக் காரில் உயரமான ரோனியால் உட்கார முடியாது என்பார்கள். ஆகவே முந்தைய ஆண்டின் லோட்டஸ் 78 காரை எடுத்துக்கொண்டார். ஐந்தாவது இடத்திலிருந்து தொடக்கம்.

பின்வரிசைக் கார்கள் இன்னும் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பச்சை விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட, பின்னால் இருந்தவர்கள் ஓடுகிற வேகத்தில் வந்து சேர்ந்தார்கள். மான்சாவின் அந்த நேர்ப்பாதை மைதானம்போல அகலம். சட்டென்று புனல்போலக் குறுகும். பத்து கார்களுக்குமேல் அதற்குள் மொத்தமாகப் போய் விழுந்தன. ரோனியின் கார் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. ஜேம்ஸ் ஹன்ட், ரெகட்சோனி, டெபாயே ஆகிய ஓட்டுநர்கள் மூவரும் தீக்குள் கைவிட்டு அவரை வெளியே இழுத்தார்கள்.

ஹன்ட், பட்ரேசேதான் தன்னை இடித்தார் என்று சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்புதான் ஆண்டர்ஸ்டார்ப்பில் பட்ரேசே வழிவிடாமல் மறித்து ஓட்டினார் என்று ரோனியே குறைப்பட்டிருந்தார். 24 வயதுப் பையன், துடுக்கு என்று பெயர் எடுத்தவன். பழி சுலபமாக ஒட்டிக்கொண்டது. அடுத்த பந்தயத்தில் அவரை ஓட விடக்கூடாது என்று மூத்த ஓட்டுநர்கள் நின்றார்கள், ஓட விடவும் இல்லை. இத்தாலியில் அவர்மீதும் பந்தய இயக்குநர்மீதும் வழக்கு நடந்தது. 1981இல் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பு வந்த பிறகும் பழி போகவில்லை என்பது வேறு கதை.

டர்போதம்பி (செவ்வாய், மாலை 6.25)

மன்னிக்கவும் ஐயா. எங்கோ படித்ததை அப்படியே எழுதிவிட்டேன். தீயில்தான் இறந்தாரா?

ஸ்பேனர்செல்வி (செவ்வாய், இரவு 7.30)

இல்லை. தீக்காயம் பெரிதில்லை. இரண்டு கால்களிலும் பல இடங்களில் எலும்பு முறிவு. லோட்டஸ் 78 காரின் முன்பக்கம் மெலிந்த அலுமினியப் பெட்டி. ஓட்டுநரின் கால்தான் அங்கே முதலில் அடி வாங்கும். நினைவோடுதான் இருந்தார். அன்று தலையில் சக்கரம் அடித்துக் கிடந்த இன்னொரு ஓட்டுநர் விட்டோரியோ பிரம்பில்லாதான் பிழைக்கமாட்டார் என்று பயந்தார்கள். அவர் பிழைத்துவிட்டார். மிலானில் நிகுவார்டா மருத்துவமனையில் ரோனிக்கு இரவு அறுவை சிகிச்சை செய்தார்கள். உடைந்த எலும்பிலிருந்து கசிந்த கொழுப்பு இரத்தத்தில் கலந்து அடைத்தது. மறுநாள் காலை இறந்தார். வயது 34.

எனக்கு ஆறாத இடம் அதற்கு முந்தையது. மருத்துவர் சிட் வாட்கின்ஸ் ஓடி வருகிறார். கூட்டத்தைத் தடுக்கக் கைகோத்து நின்ற போலீஸ் வரிசை அவரையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. ஆம்புலன்ஸும் தாமதம். அதற்குப் பிறகுதான் முதல் சுற்று முழுக்க கார்களின் பின்னாலேயே மருத்துவர் ஒரு காரில் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்று ஏற்பாடு செய்தார். இன்றும் பந்தயம் தொடங்கியதும் கடைசியில் ஒரு கார் துரத்திக்கொண்டு போகுமே, அதுதான்.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், இரவு 9.15)

அன்றைய புள்ளிக் கணக்கைப் பார்த்தால் இன்னும் கசக்கிறது. மறுதொடக்கத்தில் ஆந்த்ரெட்டி முதலில் வந்தார். விளக்குக்கு முன்னால் புறப்பட்டதற்காக ஒரு நிமிடம் சேர்த்து ஆறாமிடத்தில் போட்டார்கள். வெற்றி நிக்கி லாவ்டாவுக்கு. ஆந்த்ரெட்டிக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. 64. அத்தோடு சாம்பியன். மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போகும்போதுதான் செய்தி. 'துரதிர்ஷ்டவசமாக, பந்தயம் என்பது இதுவும்தான்' என்று மட்டும் சொன்னார். மீதி இரண்டு பந்தயத்திலும் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 51 புள்ளியோடு இறந்துபோன ரோனியை யாராலும் தாண்ட முடியவில்லை. பட்டியலில் இரண்டாமிடம் அவருக்கே நின்றது.

கடைசிவளைவு, இப்போது கேட்காதீர்கள். என் கருத்து மாறவில்லை. 1978 பட்டம் ஆந்த்ரெட்டிக்கு உரியது. 57க்கு 57 என்று கூட்டிய தாளை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கடைசிவளைவு (செவ்வாய், இரவு 9.40)

நானும் ஒரு படி இறங்குகிறேன். 'காகிதம் இல்லாவிட்டால் பட்டம்' என்று தொடக்கத்தில் எழுதினேன். காகிதம் இல்லாவிட்டால் அவருக்கு அந்தக் காரே கிடைத்திருக்காது என்று செல்வி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் 1979? மெக்லாரனோடு ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டார், அங்கே முதல் ஓட்டுநராக. அதையாவது விடுங்கள், கனவு காண.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், இரவு 9.52)

அந்த இருக்கை ஜான் வாட்சனுக்குப் போயிற்று. 1979இல் அவர் எடுத்தது 15 புள்ளி. கார் அப்படி. லோட்டஸும் அதே ஆண்டு படுத்துவிட்டது, நடப்புச் சாம்பியன் ஆந்த்ரெட்டிக்கு 14. கனவு காணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓரெப்ரூவாசி (செவ்வாய், இரவு 11.30)

சனிக்கிழமை சிலைப் பக்கம் போகிறேன், படம் எடுத்துப் போடுகிறேன். நில்சனுக்கு ஒரு தனி இழையை யாராவது தொடங்குங்கள். இங்கே ஒரு பத்தியில் முடித்துவிட்டேன், உறுத்துகிறது.

பழையபேப்பர் (புதன், காலை 6.45)

நான் தொடங்குகிறேன். 1977, சோல்டர், மழை. கணக்குப்பிள்ளை தம்பி, புள்ளிகளோடு வந்துவிடுங்கள்.